கட்டை ஆடுகிறதா, திருகு ஆடுகிறதா?

கேள்வி: ஐயா, என்னிடம் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. மரக்கட்டை. பழையது, இன்னொருவர் கைமாற்றி வந்தது. எடுத்து உலுக்கினால் லொடலொட என்று சத்தம். 50 மீட்டரில் முன்பெல்லாம் குண்டுகள் நெருக்கமாக விழும்; இப்போது இரண்டு ஒரு பக்கம், மூன்று இன்னொரு பக்கம். அடியில் இருக்கும் திருகுகளை முடிந்த மட்டும் இறுக்கினேன். ஒரு வாரம் சரியாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். கூடச் சுடும் நண்பர் ஒருவர், முன்னும் பின்னும் நகரும் தன் துப்பாக்கியின் பின்கட்டைக்குள் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நானும் அப்படிச் செய்யலாமா? அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே முடிக்க வழி உண்டா?

பதில்: வீட்டிலேயே முடிக்கலாம். செலவும் பெரிதாக ஆகாது. ஆனால் உங்கள் நண்பரின் மருந்து உங்கள் நோய்க்கு ஆகாது. ஏன் என்று சொல்லிவிட்டு உங்கள் ரைஃபிளுக்கு வருகிறேன்.

நண்பருடையது ஏஆர்-15 வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் தோட்டாவை ஏற்றிச் சுடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனுக்குப் பின்னால் ஒரு அலுமினியக் குழாய் நீண்டிருக்கும்; அதன் மேல் பிளாஸ்டிக் கட்டை வழுக்கிப் போய்வரும். அந்தக் குழாய் இரண்டு அளவில் வருகிறது. ராணுவ அளவு என்று சொல்வது 1.148 அங்குல விட்டம், அதாவது சுமார் 29.2 மில்லிமீட்டர். கமர்ஷியல் என்று சொல்வது 1.168 அங்குலம், சுமார் 29.7 மில்லிமீட்டர். பெரிய குழாய்க்குச் செய்த கட்டையைச் சின்னக் குழாயில் மாட்டினால் நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி. பெரிய அண்ணனின் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி. சரியான அளவிலேயே மாட்டினாலும், வழுக்கிப் போக வேண்டிய பொருளுக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்வார்கள், ஆகவே சிறிது ஆடத்தான் செய்யும். குழாயின் மேல்புறத்திலும் பக்கவாட்டிலும் நீளவாக்கில் டேப் ஒட்டினால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். வெயிலில் டேப்பின் பசை இளகிப் பிசுபிசுக்கும் என்பதால் நானாக இருந்தால் வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கத்தை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டுவேன். குழாயின் பின்முனையில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும், அதை மூடக் கூடாது. குழாயே ஆக்‌ஷனில் ஆடினால் அது வேறு விஷயம். அங்கே இருக்கும் வெட்டுப்பல் நட் தளர்ந்திருக்கிறது, அதைத்தான் முறுக்க வேண்டும். நண்பர் கதை அவ்வளவுதான்.

முக்கியமான வித்தியாசம் இது. நண்பரின் துப்பாக்கியில் குழல், ஆக்‌ஷன், ஸ்கோப் எல்லாம் ஒரு கூட்டாக முன்னால் நிற்கின்றன. பின்கட்டை ஆடினால் ஆடுவது அவருடைய தோளும் கன்னமும்தான். எரிச்சலாக இருக்கும், ஆனால் குண்டு போகும் வழி மாறாது. உங்களுடையதில் குழலையும் ஆக்‌ஷனையும் தூக்கிப் பிடித்திருப்பதே அந்த மரம்தான். மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஆட்டம் வந்தால், ஒவ்வொரு சூட்டுக்கும் ஆக்‌ஷன் சற்றே வேறு இடத்தில் போய் உட்காரும். இரண்டு ஒரு பக்கம், மூன்று இன்னொரு பக்கம் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததுமே இதுதான் என்று தோன்றியது. மொத்தமாகச் சிதறினால் பத்துக் காரணம் சொல்லலாம். இரண்டு கும்பலாகப் பிரிந்தால், ஆக்‌ஷனுக்கு உட்கார இரண்டு நாற்காலி இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதற்கும் முன்னால் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, போல்ட்டை வெளியே உருவி வைத்துவிடுங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே தோட்டாக்கள் இருக்க வேண்டாம். அடுத்த வேலை, சந்தேகப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக நீக்குவது. வாரைக் கழற்றுங்கள், உலுக்குங்கள். வார் வளையங்களில் துணி சுற்றுங்கள், உலுக்குங்கள். ஸ்கோப் மவுண்ட்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஒருமுறை என்னிடம் வந்த ரைஃபிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டி அரை நாள் வீணடித்தேன். கடைசியில் பின்கட்டையின் முனையை மூடியிருக்கும் பின்தகட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி உருண்டுகொண்டிருந்தது. அதற்கு முந்தைய சொந்தக்காரர் வைத்துவிட்டு மறந்தது. அன்றிலிருந்து முதல் வேலையாகப் பின்தகட்டைத்தான் திறக்கிறேன்.

இதெல்லாம் இல்லை என்றால் விரல் சோதனை. ரைஃபிளைப் பின்கட்டை தரையில் நிற்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். முன்கட்டையின் நுனியில், மரமும் குழலும் சேரும் இடத்தில், இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டிலும் படும்படி வையுங்கள். வலது கையால் அடித்திருகுகளில் முன்னால் இருப்பதை மெதுவாகத் தளர்த்துங்கள், திரும்ப இறுக்குங்கள். நல்ல கட்டையில் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. ஆட்டம் கண்ட கட்டையில் குழல் மரத்திலிருந்து எழும்புவதும் அமுங்குவதும் விரல் நுனியில் துல்லியமாகத் தெரியும். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது; ஒரு தாள் கனத்துக்கு அசைந்தாலும் சொல்லிவிடும். அடுத்து இதையே பின்திருகுக்கும் செய்யுங்கள். எந்தத் திருகைத் தொடும்போது அசைவு வருகிறதோ அங்கேதான் மரம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

இப்போது நீங்கள் செய்த தவறுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘முடிந்த மட்டும் இறுக்கினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தை அப்படி இறுக்கக் கூடாது. திருகின் தலைக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவில் மாட்டிய மரம் நசுங்கும். நசுங்கினால் இடைவெளி வரும், திரும்ப இறுக்குவீர்கள், இன்னும் நசுங்கும். அந்த ஒரு வாரக் கணக்கு அப்படி வந்ததுதான். மரக்கட்டையுள்ள .22-க்குச் சுமார் 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் ரைஃபிளின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லையென்றால் திருப்புளியின் கைப்பிடியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காமல் மூன்று விரல்களால் பிடித்து, நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும்.

திருப்புளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகின் வெட்டில் அது மேல்விளிம்பை மட்டும் பிடித்து, வழுக்கி, வெட்டைத் தின்றுவிடும். போகிற போக்கில் கட்டையிலும் ஒரு கோடு கிழிக்கும். நுனியின் இரண்டு பக்கமும் இணையாக இருக்கும்படி ஒரு பழைய திருப்புளியை அரம் போட்டு, திருகின் வெட்டுக்குள் அகலத்திலும் கனத்திலும் சரியாக நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிலில் சொல்லும் எல்லாவற்றிலும் மலிவானது இதுதான். செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

இன்னொரு கள்ளத்தனம் உண்டு. சில சமயம் திருகு இறுகியது போலக் கைக்குத் தெரியும், ஆனால் கட்டை இறுகியிருக்காது. மரம் காய்ந்து சுருங்கியதால் திருகு தேவைக்கு மேல் நீளமாகிவிட்டது. ஆக்‌ஷனில் உள்ள துளையின் அடியைத் தொட்டு அங்கேயே முட்டி நிற்கிறது. நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் அது இரும்பை இரும்பு அழுத்துவது, மரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. திருகின் நுனியில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு இறுக்கி, கழற்றிப் பாருங்கள். நுனியில் கறுப்பு தேய்ந்து உலோகம் மின்னினால் முட்டுகிறது என்று பொருள். திருகுத் தலைக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் போட்டாலே தீர்ந்தது, அல்லது நுனியை அரை மரை அளவுக்கு அரத்தால் குறைக்கலாம். பெரிய காரணம் ஒன்றும் இருக்காது என்று இதை விட்டுவிடாதீர்கள். டேப், பசை, எப்பாக்சி எல்லாம் போட்டுவிட்டு வருகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு வாஷர்தான் தேவைப்பட்டிருக்கும்.

திருகு முட்டவில்லை, மரம்தான் நசுங்கியிருக்கிறது என்றால், முதல் கைவைத்தியம் ஒரு குளிர்பான டப்பா. அந்த அலுமினியத் தகட்டின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில், திருகுத் துளையைச் சுற்றி, துளைக்கு வழிவிட்டு ஒரு சின்னத் துண்டு. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் விரலை அறுக்கும். ஒன்று போட்டு விரல் சோதனை. போதவில்லை என்றால் இரண்டு. மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் தகடு வைக்கும் நிலையை உங்கள் கட்டை தாண்டிவிட்டது. காகிதமோ அட்டையோ வைக்காதீர்கள். வைத்த அன்று நன்றாக இருக்கும், எண்ணெயும் ஈரமும் பட்டு அமுங்கிப் போகும். தகடு உயரத்தை மாற்றுவதால் போல்ட்டும் டிரிகரும் மேகசினும் முன்போலவே வேலை செய்கின்றனவா என்று காலியாக வைத்தே நாலு தடவை இயக்கிப் பாருங்கள்.

பூட்டும்போது அவசரப்படாதீர்கள். திருகுகளையும் துளைகளின் மரைகளையும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். ரைஃபிளைச் செங்குத்தாக நிறுத்தி, பின்கட்டையை ஒரு மெத்தென்ற விரிப்பின் மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஆக்‌ஷன் பின்னோக்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு முன்திருகு, அப்புறம் பின்திருகு, இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. திருகு தானாகத் தளர்வதுதான் தொல்லை என்றால் திருகு தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கரில் நீல நிறம் ஒரு துளி, மரையின் நடுவில். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அது கைத்திருப்புளிக்கே கழன்று வரும். சிவப்பு நிறத்தை வாங்கிவிடாதீர்கள். அது கழல 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், அதற்குள் உங்கள் மரக்கட்டை கரியாகிவிடும். அவசரத்துக்கு நகப்பூச்சு ஒரு துளியும் வேலை செய்யும். சூப்பர் குளூ மட்டும் வேண்டவே வேண்டாம்.

தகட்டுக்கு மசியாத கட்டைக்கு எப்பாக்சி படுக்கை. இதைத் தொழில் செய்பவர்கள் பெரிய வித்தையாகக் காட்டுவோம். உண்மையில் பொறுமை இருக்கிற எவரும் செய்யலாம். ஆக்‌ஷன் உட்காரும் இடத்து மரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, அங்கே கெட்டியான இரண்டு பாக எப்பாக்சியை நிரப்பி, உலோகத்தை அதன் மேல் உட்கார வைத்து உறைய விடுவதுதான் விஷயம். ஆக்‌ஷனின் ஒவ்வொரு வளைவுக்கும் அச்சு எடுத்த மாதிரி ஒரு மெத்தை கிடைக்கும். அதை மரம் போல் நசுக்க முடியாது. உலோகம் எப்பாக்சியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் மெழுகோ நிறமில்லாத ஷூ பாலிஷோ இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்து மெருகேறிய பிறகு அடுத்தது. எப்பாக்சி உள்ளே புகுந்துவிடக்கூடிய ஒவ்வொரு துளையையும் வெட்டையும் விளையாட்டுக் களிமண்ணால் அடைக்க வேண்டும். திருகுகளுக்கும் மெழுகு. பூட்டும்போது திருகைச் சும்மா பிடிக்கிற அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்; இறுக்கினால் மரம் வளைந்த நிலையிலேயே எப்பாக்சி உறைந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

துளையை அடைக்கச் சொல்வதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், தொழில் பழகிய காலத்தில் நான் ஒன்றை மறந்தேன். டிரிகருக்கு முன்னால் ஒரு உலோக ஊசி போகும் சின்னத் துளை. மறுநாள் காலையில் ஆக்‌ஷனை எடுக்கப் போனால் அசையவில்லை. மரச்சுத்தியால் தட்டினேன், கெஞ்சினேன், அசையவில்லை. எப்பாக்சி அந்தத் துளைக்குள் ஆணி மாதிரி நுழைந்து உறைந்திருந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வார்த்தை பேசாமல் மொத்தத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தார். ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்ததில் உலோகம் சுருங்கி, காலையில் ஒரே தட்டில் ‘டப்’ என்று பிரிந்தது. உள்ளே முளைத்திருந்த அந்த ஆணி முறிந்து விழுந்ததை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உங்களுக்கும் ஒட்டிக்கொண்டால் நெம்பாதீர்கள், ஃப்ரீசரை நம்புங்கள்.

நசுங்கல் திரும்ப வராமல் இருக்க வேண்டுமானால் திருகுத் துளைகளுக்குள் தூண் வைக்கலாம். திருகு தாராளமாகப் போகிற உள்விட்டமுள்ள அலுமினியக் குழாயை வெட்டி, துளையைச் சற்று அகலப்படுத்தி, எப்பாக்சியோடு உள்ளே நிறுத்துவது. குழாயின் ஒரு முனை ஆக்‌ஷனையும் மறுமுனை டிரிகர் கார்டையும் தொட வேண்டும். அப்போதுதான் திருகின் பிடி முழுக்க உலோகத்தின் மேல் விழும், மரம் தப்பிக்கும். நேராகத் துளை போட டிரில் ஸ்டாண்ட் வேண்டும். கையில் பிடித்துப் போட்டால் கோணிக்கொள்ளும், ஆகவே அது இல்லாதவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

பின்தகட்டின் திருகோ வார் வளையத்தின் திருகோ மரத்தில் பிடிக்காமல் சும்மா சுற்றினால் இரண்டு மூன்று பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் திணித்து, உறைந்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுத் திருகைப் போடுங்கள். தச்சர்கள் கதவுக் கீலுக்குச் செய்வதுதான்.

கழற்றியிருக்கும்போதே ஆக்‌ஷனின் பின்பகுதி உட்காரும் மரத்தைக் கவனியுங்கள். கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால், அது எண்ணெய் குடித்த மரம். குழல் மேல்நோக்கி இருக்கும்படி வருடக்கணக்கில் சாத்தி வைத்ததில், துடைக்கப் போட்ட எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து அங்கே ஊறியிருக்கும். அப்படிப்பட்ட மரத்தில் எப்பாக்சி ஒட்டாது. சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து அப்பி, காயவிட்டு, சுரண்டி, மறுபடி அப்பி, தூள் வெள்ளையாகவே உதிரும் வரைக்கும் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல். இனிமேல் சாத்தி வைக்கும்போது குழல் வாய் கீழே பார்த்தபடி வையுங்கள்.

நடுவில் ஒன்று. உங்களுடையது ஒற்றைக் கட்டை. இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது பழைய லீ என்ஃபீல்டு மாதிரி முன்கட்டை வேறு, பின்கட்டை வேறாக இருக்கும் ரைஃபிள் இருந்தால், பின்கட்டை ஆட்டத்துக்குக் காரணம் அதன் உள்ளே நீளவாக்கில் போகும் பெரிய போல்ட். பின்தகட்டைக் கழற்றி, நீளத் திருப்புளியை உள்ளே விட்டு இறுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். லீ என்ஃபீல்டின் எஸ்எம்எல்ஈ மாடலில் அந்த போல்ட்டின் சதுர நுனி முன்கட்டையில் இருக்கும் ஒரு தகட்டில் பொருந்தி நிற்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, அப்புறம்தான் போல்ட்.

வீட்டில் தொடக் கூடாதவையும் உண்டு. கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல், ஆக்‌ஷனில் மரை தேய்ந்து திருகு பிடிக்காதது, குழலே ஆக்‌ஷனில் அசைவது. இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் சுடுவதை நிறுத்திவிட்டுத் தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். விரிசலைப் பார்க்க, மரத்தைத் துடைத்து அதன் மேல் ஸ்பிரிட் தடவுங்கள். மற்ற இடமெல்லாம் உடனே காய்ந்துவிடும், விரிசல் மட்டும் ஒரு கறுப்புக் கோடாகச் சில நொடிகள் நிற்கும்.

எல்லாம் பூட்டியானதும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் டிரிகர் கார்டு வரைக்கும் குறுக்காக ஒரு மெல்லிய பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். மைதானத்தில் ஜீரோவை, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்யும் அமைப்பை, புதிதாக வையுங்கள், பழையது செல்லாது. 50 தோட்டா சுட்டபின் அந்தக் கோட்டைப் பாருங்கள். நேராக இருந்தால் திருகு நகரவில்லை. கோடு உடைந்திருந்தால் எந்தத் திருகு, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள், இலக்கு அட்டையின் படத்தையும் சேர்த்து.